பேர் சொல்லா மருந்து

ஏப்ரல் இரண்டாம் கிழமை.
நீம் நகருக்கு வடக்கே, எங்கள் ஊர் முடிந்து
சுண்ணாம்புப் பாறை தொடங்கும் இடத்தில்
ஒரு சாண் உயரத்தில் பூத்திருந்தது.
சாணுக்கும் கொஞ்சம் குறைவு.
குனியாதவர்களுக்கு அது இல்லை.

மஞ்சள் ஒன்று, ஒட்டியே ஊதா,
பிறகு ஊதா, ஊதா, மஞ்சள்.
ஒரே இனம், இரண்டு நிறம் என்றாள் ஒதில்.
நகரசபையில் கல்மதில்கள் அவள் பொறுப்பு.
மதில் உச்சியில் ஒரு கை மண் பரப்பி
இந்தக் குட்டை ஐரிஸின் கிழங்கை நட்டுவிடுவாள்.
வேர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்,
மழைக்கு மண் இறங்காது.
சீமெந்தைவிட மலிவு,
விடுப்பும் கேட்காது.

தேன் மட்டும் கிடையாது.
தேனீ வரும், மஞ்சளுக்குள் தலைவிட்டுப் பார்க்கும்,
இனி மஞ்சளே வேண்டாமென்று ஊதாவுக்குப் போகும்.
அங்கேயும் இல்லை.
இந்த இரண்டு ஏமாற்றத்துக்கு நடுவே
எங்கேயோ ஒரு விதை பிடித்துவிடும்.
லொத்தர் சீட்டுக் கடை மாதிரி, என்றான் செந்தூரன்.

நறுமுகைக்கு அப்போது ஏழு மாதம்.
ஈறு தடித்து, கண்டதையெல்லாம் கடித்து,
என் தோளெங்கும் எச்சில்.
ஒரு இரவு ஒதில் சட்டைப் பையிலிருந்து எடுத்தாள்:
காய்ந்த துண்டு, விரல் நீளம், தோல் சீவியது.
இதைக் கொடு. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள்
முன்பெல்லாம் இதைத்தான் கடித்தார்கள்.

மூக்கில் வைத்தேன்.
மண். பிறகு மா. பிறகு வெகு தூரத்தில்
வரலாமா என்று கேட்கிற ஒரு வாசம்.
விரலுக்கு மட்டும் வேறொன்று தெரிந்தது,
கணு, வளையம், இலை விழுந்த தழும்பு.
வசம்பு,
என்றேன், வாய்விட்டு.
விளக்கு வைத்து இரண்டு மணிநேரம் ஆகியிருந்தது.

இருட்டியபின் அதன் பேரைச் சொல்லக்கூடாது.
பேர் சொல்லா மருந்து என்றுதான் கடையில் கேட்க வேண்டும்.
கையில் இருப்பதற்கோ
தமிழில் பேரே இல்லை,
பகலிலும் சொல்ல முடியாது.

மறுநாள் மருந்துக்கடை.
கடிதம் நிறுப்பதுபோல் உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார் மெர்சியே.
பச்சையென்றால் வயிற்றைப் புரட்டும்,
காய்ந்தால் உடைந்து தொண்டையில் நிற்கும்,
ரப்பர் வளையம் இருக்கிறது,
நாலு யூரோ தொண்ணூறு.
வாங்கினேன். அதை இரண்டு நாள் கடித்தாள்,
பிறகு பழையபடி என் தோள்.

ஒதிலிடம் சொல்லத் தயங்கி, சொன்னேன்.
நான் கடித்தேன், உயிரோடு இருக்கிறேன்,
ஆனாலும் அவர் சொல்வது சரி, என்றாள்.
அலுமாரியில் துணிகளுக்கு நடுவே போடு.
மூன்று வருடம் போனால்தான் வாசமே வரும்.
பிள்ளையின் பாற்பல் எல்லாம்
அதற்கு முன் வந்துவிடும்.

ஜூலையில் மதிலில் நெரிசலென்று
பிரித்தெடுத்த மூன்று கிழங்கு கொண்டுவந்தாள்.
தொட்டியில் பாதி சரளை.
முதுகு வெயிலில் இருக்கட்டும், மூடாதே.
தண்ணீர் வேண்டாம்.
தண்ணீர் வேண்டாம் என்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.
வறண்ட தொட்டியைக் கடக்கும்போதெல்லாம்
கை குறுகுறுத்தது.
ஒரு இரவு ஒரு குவளை ஊற்றினேன், மறுநாள் இன்னொன்று.
கிழமை முடிவில் ஒரு கிழங்கை அழுத்த
கனிந்து கெட்ட வாழைப்பழமாய் விரல் உள்ளே போனது.
செந்தூரனுக்கும் சொல்லவில்லை.
குவளையை எடுத்து உயரத்தில் வைத்தேன்.

மிச்சம் இரண்டு. மஞ்சளா ஊதாவா
ஒதிலுக்கும் தெரியாது.
பூ போனபின் எல்லா இலையும் ஒன்று.

இப்போது நவம்பர். பிள்ளைக்கு எட்டுப் பல்.
சுவரைப் பிடித்துப் பிடித்துத் தொட்டிக்கு நடந்து
விரலை நீட்டி
ஞ்ஞே, என்கிறாள்.
அதையே வைத்துக்கொண்டோம்.
ஞ்ஞேக்குத் தண்ணீர் ஊற்றாதே.
ஞ்ஞே குளிர் தாங்கும்.
இருட்டியபின்னும் சொல்கிறோம்.